உங்கள் பெயர் யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி:

வணக்கம் ஐயா. நானும் என் தங்கையும் ஆறு வருடமாகத் துணிப்பைகள் தைத்து இணையத்தில் விற்கிறோம். எங்கள் பிராண்டு பெயர் ஒரு தமிழ்ச் சொல். நடுவில் ஒரு ‘ழ’ வரும். தொடங்கும்போது டாட் காம் கிடைக்காததால் டாட் நெட் வாங்கினோம். வெப்சைட் செய்து கொடுத்த தம்பிதான் அதையும் புக் பண்ணித் தந்தார். வருடா வருடம் அவரே புதுப்பித்துவிடுவார், நாங்கள் பணம் அனுப்பிவிடுவோம். யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதில்லை.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, “பணம் கட்டி மூன்று வாரம் ஆச்சு, பை வரலையே” என்று சத்தம் போட்டார். விசாரித்தால், எங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ‘ஸ்டோர்’ என்ற சொல்லும் சேர்த்து யாரோ ஒரு தளம் திறந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் படமெல்லாம் நாங்கள் எடுத்தவை. இதற்கிடையில், எங்கள் பெயரின் டாட் காமை வைத்திருப்பவர் அதைப் பெரிய தொகைக்கு விற்கத் தயார் என்கிறார். அது 2009-லேயே பதிவாகியிருக்கிறது. இன்னொரு மெயிலில், வேறொரு நிறுவனம் எங்கள் பெயரை ஆசிய முகவரிகளில் பதியக் கேட்டிருக்கிறது, உடனே நீங்கள் எடுக்காவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மிரட்டல்.

போலித் தளத்தை மூட என்ன வழி? டாட் காமுக்கு அவ்வளவு கொடுக்கலாமா? எத்தனை முகவரிகளை வாங்கி வைத்தால் பாதுகாப்பு? டிரேட்மார்க் இன்னும் எடுக்கவில்லை. குழந்தைகளுக்கான பைகளுக்கு இரண்டாவது பிராண்டு தொடங்கப் போகிறோம், அதற்குப் பெயர் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் சொல்லிச் சென்ற ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது: “யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதில்லை.” போலிக்காரர் வாசலில் நிற்கிறார், உண்மைதான். ஆனால் வீட்டுச் சாவியே உங்களிடம் இல்லை. போலிக்காரரை விரட்ட நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அடியிலும் “இந்தப் பெயர் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்ற கேள்வி வரும். அப்போது உங்கள் டாட் நெட் வேறொருவர் பெயரில் இருப்பது தெரிந்தால் அங்கேயே கால் இடறும். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன்.

டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ‘வாங்கினோம்’ என்று சொன்னாலும் அது குத்தகைதான். டாட் காம், டாட் நெட் போன்றவற்றை ஒரு வருடம் முதல் அதிகபட்சம் பத்து வருடம் வரை எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தக் குத்தகைச் சீட்டில் ‘பதிவுதாரர்’ என்று ஒரு இடம் உண்டு. அங்கே யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் குத்தகைக்காரர். பணம் யார் அனுப்பினார்கள், வெப்சைட்டில் யார் படம் இருக்கிறது, ஆறு வருடமாக யார் உழைத்தார்கள் என்பதெல்லாம் டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராருக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது பதிவுதாரர் பெயரையும், அந்தக் கணக்கில் இருக்கும் மின்னஞ்சலையும்தான்.

அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆறு வருடம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார் என்றால் பொறுப்பானவரும்கூட. ஆனால் இது அவருடைய குணத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் திடீரென்று காலமாகிவிட்டார். டொமைன் அவர் கணக்கில், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில்கள் அவர் பெட்டிக்கு, கடவுச்சொல் அவருக்கு மட்டும். துக்கத்தில் இருந்த குடும்பத்தாரிடம் போய் இதைக் கேட்கவே இவருக்கு மனம் வரவில்லை. கேட்டபோது காலம் கடந்துவிட்டது. பெயர் காலாவதியாகி வேறு யாரிடமோ போய்விட்டது. பதினோரு வருடம் வளர்த்த பெயர். தவறு செய்தவர் என்று கைநீட்ட அந்தக் கதையில் யாருமே இல்லை. அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ‘ஹூ-இஸ்’ தேடலில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 2018-ல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பெரும்பாலான பெயர்களில் பதிவுதாரர் விவரத்தை மறைத்துத்தான் காட்டுகிறார்கள். ஆனாலும் எந்த ரெஜிஸ்ட்ரார், எப்போது பதிவானது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும். அந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். தம்பியின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு டொமைனை நகர்த்தித் தரச் சொல்லுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் என்றால் இது பொதுவாகச் சில நிமிட வேலை. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றும் யோசனை இருந்தாலும் இப்போது வேண்டாம். பதிவுதாரர் பெயரை மாற்றியதும் வேறு இடத்துக்கு மாற்ற முடியாதபடி பல இடங்களில் 60 நாள் பூட்டிவிடுவார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை, திருட்டைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த நாட்களிலும் தளம் வழக்கம்போல இயங்கும்.

நகர்ந்து வந்ததும் மூன்று விஷயங்களை அன்றைக்கே பாருங்கள். பதிவுதாரர் இடத்தில் உங்கள் தொழில் பெயரோ, தொழில் பதிவாகவில்லை என்றால் உங்கள் சொந்தப் பெயரோ இருக்க வேண்டும். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி பூட்டும் ‘டிரான்ஸ்ஃபர் லாக்’ போட்டிருக்க வேண்டும். கணக்குக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்கு உள்நுழைவு வைத்திருக்க வேண்டும், அதன் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதித் தங்கையிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்க வேண்டும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கணக்கின் மின்னஞ்சல் முகவரியாக அதே டொமைனில் இருக்கும் முகவரியையே கொடுத்துவிடுவார்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும். டொமைனை மீட்க வரும் கடிதம் போய்ச் சேர இடமே இருக்காது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. அதனால் டொமைன் கணக்குக்கு என்றே வேறொரு பொது மெயில் சேவையில் தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

காலாவதி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் திருட்டைவிட மறதியால்தான் அதிகம் பேர் பெயரை இழப்பதை என் வேலையில் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. 1999 கிறிஸ்துமஸ் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பாஸ்போர்ட் டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. அந்த முகவரி வழியாகத்தான் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியும் என்பதால் பலரால் மெயிலைத் திறக்க முடியவில்லை. கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார். அப்படி ஒரு நல்ல மனிதர் நமக்கும் வருவார் என்று நம்பி இருக்க முடியாது.

டாட் காம், டாட் நெட் வகைப் பெயர்களுக்கு, இணைய முகவரிகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் என்ற அமைப்பு வகுத்த விதிப்படி, முடிவு தேதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும். முடிந்த பிறகு ஐந்து நாளுக்குள் இன்னொரு முறை. அதன்பின் 45 நாள் வரை சலுகைக் காலம் கிடைக்கலாம். ஆனால் எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. சிலர் அதற்குள்ளேயே ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது மீட்கக் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த நொடிக்காகவே நிரல் எழுதிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருடமாக வாடிக்கையாளர் வந்து போகும் முகவரி என்றால் அவர்களுக்கு அது விளைந்த வயல். டாட் இன் போன்ற நாட்டு முகவரிகளுக்கு இந்த நாள் கணக்கு பொருந்தாது, ஒவ்வொரு நாடும் தனி விதி வைத்திருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது, முடிந்த மட்டும் ஐந்து வருடமோ பத்து வருடமோ ஒரேயடியாகக் கட்டிவிடுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நம்பி மட்டும் இருக்காதீர்கள். கார்டின் காலம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும்.

சரி, போலித் தளத்துக்கு வருவோம்.

முதல் வேலையாக ஆதாரம் சேருங்கள். கோபத்தில் அவர்களுக்கு ஒரு மெயில் தட்டிவிட்டால், மறுநாள் படங்களை மாற்றிவிட்டு ஒன்றும் அறியாதவர்கள்போல உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தேதி, முகவரியோடு திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஏமாந்த வாடிக்கையாளரிடம் பணம் கட்டிய ரசீதையும் வந்த மெயிலையும் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். அவர் சத்தம் போட்டதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு நேர்ந்ததைப் பொறுமையாகக் கேட்டாலே பாதிக் கோபம் தணிந்துவிடும், அவரே உங்கள் சாட்சியாக நிற்பார். உங்கள் அசல் படக்கோப்புகளைத் தேடி எடுங்கள். கேமராவோ போனோ பதித்த தேதி அவற்றில் இருக்கும்.

அந்தப் படங்கள்தான் உங்கள் கையில் இருக்கும் மிக வேகமான ஆயுதம். பெயர்த் தகராறு தீர மாதக் கணக்காகும். திருட்டுப் படம் என்பது பதிப்புரிமை மீறல். அந்தத் தளம் எந்த ஹோஸ்டிங் நிறுவனத்தில், அதாவது தளத்துக்கு இடம் கொடுக்கும் நிறுவனத்தில், ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அசல் படங்களோடு பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள். பல நிறுவனங்கள் சில நாட்களிலேயே நடவடிக்கை எடுக்கும். அதோடு போலித் தளம் பணம் வாங்கப் பயன்படுத்தும் பேமென்ட் சேவைக்கும் புகார் போகட்டும். பணம் வரும் குழாய் அடைபட்டால் கடை தானாக வாடும். ரெஜிஸ்ட்ராரின் முறைகேடு புகார்ப் பிரிவுக்கும், உங்கள் ஊர் இணையக் குற்றக் காவல் பிரிவுக்கும் எழுதுங்கள். பொருள் அனுப்பாமல் பணம் வாங்குவது பெயர்த் தகராறோடு நிற்பதில்லை, அது மோசடி. உங்கள் தளத்தின் முதல் பக்கத்திலும் ஒரு அறிவிப்பு போடுங்கள்: எங்கள் முகவரி இது ஒன்றுதான்.

அந்த முகவரியையே அவர்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்றால், அதற்கான பாதை யுடிஆர்பி. 1999-ல் ஐகேன் கொண்டுவந்த பொதுத் தகராறு விதி அது. டாட் காம், டாட் நெட் உள்ளிட்ட பொது முகவரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நீதிமன்றம் போகாமல், உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்ற நடுவர் மையங்களில் எழுத்து மூலமாகவே வழக்கு நடக்கும். மூன்று விஷயங்களை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அந்த முகவரி உங்கள் டிரேட்மார்க்கோடு ஒன்றாகவோ குழப்பும்படி ஒத்தோ இருக்கிறது. அந்தப் பெயரில் அவர்களுக்கு நியாயமான உரிமை எதுவும் இல்லை. அவர்கள் கெட்ட நோக்கத்தோடு அதைப் பதிந்தார்கள், கெட்ட நோக்கத்தோடே பயன்படுத்துகிறார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தோல்விதான். ஜெயித்தால் முகவரி உங்களுக்கு மாறும், அல்லது ரத்தாகும். நஷ்டஈடு கிடைக்காது.

இந்த விதியில் தீர்ப்பான முதல் வழக்கே ஒரு பாடம். அமெரிக்க மல்யுத்த நிறுவனமான வேர்ல்ட் ரெஸ்லிங் ஃபெடரேஷனின் முழுப் பெயரை ஒருவர் 1999 அக்டோபரில் டாட் காமில் பதிந்தார். மூன்றே நாளில் அந்த நிறுவனத்துக்கே எழுதி, 1000 டாலருக்குத் தருகிறேன் என்றார். 2000 ஜனவரியில் முகவரியை நிறுவனத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அடுத்தவர் பெயரை அவருக்கே விற்பதற்காகப் பதிந்ததுதான் அங்கே கெட்ட நோக்கமாக நின்றது. உங்கள் விஷயத்தில் போலிக்காரர் அதையும் தாண்டி, உங்கள் படங்களை வைத்து உங்கள் வாடிக்கையாளரை ஏமாற்றியிருக்கிறார். மூன்றாவது நிபந்தனை உங்களுக்குப் பலமாகவே இருக்கிறது.

பலவீனம் முதல் நிபந்தனையில். டிரேட்மார்க் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டாலும், நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் உங்கள் பொருளையே குறிக்கிறது என்று காட்ட முடிந்தால் நடுவர்கள் ஏற்பது உண்டு. ஆனால் ஒவ்வொரு கல்லாக நீங்களே அடுக்க வேண்டும்: ஆறு வருட விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, பத்திரிகையில் வந்தது, வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகள். பதிவுச் சான்றிதழ் இருந்தால் இத்தனையும் ஒரு தாளில் முடிந்திருக்கும். டொமைன் எடுத்துவிட்டோமே, பெயர் நம்முடையதுதானே என்று நினைத்துக் காலம் கடத்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டொமைன் பதிவு டிரேட்மார்க் உரிமை தராது. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு சட்டம். இந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்தும் வகுப்பு எது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டாட் காம் வைத்திருப்பவரை அந்தப் போலிக்காரரோடு சேர்த்துத் திருடர் பட்டியலில் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் கோபம் தெரிகிறது. அவர் பதிந்தது 2009-ல். உங்கள் தொழில் பிறந்தது அதற்குப் பல வருடம் கழித்து. இல்லாத ஒரு பிராண்டைக் குறிவைத்து யாரும் பதிய முடியாது. நாளைக்கே உங்களுக்கு டிரேட்மார்க் கிடைத்தாலும், அதைக் காட்டி அவரிடமிருந்து முகவரியைப் பிடுங்க முடியாது. அப்படிப் பிடுங்கும் நோக்கத்தோடு யுடிஆர்பி வழக்கு போட்டால், உங்களைத்தான் கெட்ட நோக்கம் கொண்டவர் என்று நடுவர் எழுதிவைக்கக்கூடும். பெரிய நிறுவனங்கள் அந்தப் பழியை வாங்கியிருக்கின்றன. நீதிமன்றம் போனாலும் எளிதல்ல, நிசான் கார் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். நிசான் என்பதே தன் குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர், தன் கம்ப்யூட்டர் தொழிலுக்காக 1994-லேயே நிசான் டாட் காமை எடுத்திருந்தார். 1999-ல் கார் நிறுவனம் வழக்கு போட்டது. வருடக் கணக்கில் இழுத்த வழக்குக்குப் பிறகும் முகவரி அவரிடமே இருந்தது.

அப்படியென்றால் பணம் கொடுத்து வாங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. டெஸ்லா கார் நிறுவனம் டெஸ்லா டாட் காமை 2016-ல்தான் கைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பெயரோடு ‘மோட்டார்ஸ்’ என்று சேர்த்த முகவரியிலேயே வளர்ந்தது. கையிலிருக்கும் பணத்தை டிரேட்மார்க்குக்கும் அடுத்த வருடத் துணிக்கும் போடுங்கள். ஆனால் ஒன்றைக் கணக்கெடுத்துப் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய மெயில் எத்தனை முறை டாட் காமுக்குப் போய் வழிதவறுகிறது? ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணையக் கடை 2011-ல் தன் பெயரை ஓ டாட் கோ என்று சுருக்கிக்கொண்டது. மக்கள் பழக்க தோஷத்தில் ஓ டாட் காம் என்றே தட்டினார்கள். நிறுவனம் பழைய பெயருக்கே திரும்பியது. டாட் காம் பழக்கம் அவ்வளவு ஆழமானது. மாதா மாதம் ஆர்டர்கள் அப்படித் தொலைவதை உங்கள் கணக்கே காட்டினால், அப்போது வாங்குவதைப் பற்றிப் பேசலாம். வாங்கும் நாள் வந்தால் நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். பணமும் பெயரும் ஒரே நேரத்தில் கைமாறும் எஸ்க்ரோ சேவை வழியாக மட்டும் செய்யுங்கள். உங்கள் பிராண்டு மெயிலிலிருந்து விலை கேட்டால் விலை ஏறும். அதனால் ஒரு புரோக்கரையோ நண்பரையோ கேட்கச் சொல்லுங்கள்.

ஆசிய முகவரிகள் பற்றிய அந்த மிரட்டல் மெயிலை அழித்துவிடுங்கள். பல வருடமாகச் சுற்றிவரும் பழைய தந்திரம் அது. உங்கள் பெயரைக் கேட்ட ‘வேறொரு நிறுவனம்’ என்று யாரும் இல்லை. பயந்துபோய் உங்களுக்குத் தேவையில்லாத பத்து முகவரிகளை அதிக விலைக்கு வாங்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். உண்மையான ரெஜிஸ்ட்ரார் எவரும் ஒருவர் பதியக் கேட்டதை இன்னொருவருக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். புதுப்பிப்பு ரசீது போலவே அச்சடித்து வரும் மெயில்களும் உண்டு. உங்கள் ரெஜிஸ்ட்ரார் யார் என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள் அல்லவா? வேறு யாரிடமிருந்து வந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

இனி, எத்தனை முகவரிகள் வாங்கி வைப்பது? டாட் காம், டாட் நெட் போல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. இன்று நீங்கள் ‘ஸ்டோர்’ சேர்த்த பெயரை வாங்கினால் நாளை ‘ஷாப்’ சேர்ப்பார்கள். என் கணிப்பில், பின்னொட்டுகளைவிட எழுத்துக்கூட்டுதான் தமிழ்ப் பெயர்களுக்கு முக்கியம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பெயரில் ‘ழ’ இருக்கிறது. எழில் என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் அதை இசட்-எச் போட்டு எழுதுவார் ஒருவர், வெறும் எல் போதும் என்பார் இன்னொருவர், இசட் மட்டும் போடுவார் மூன்றாமவர். ‘த’ வந்தால் T-யா, TH-ஆ, D-யா என்று ஒரு குழப்பம். நெடில் வந்தால் ஏ ஒன்றா இரண்டா? ‘வ’ வந்தால் வி-யா டபிள்யூ-வா? ஒரு தமிழ்ப் பெயருக்கு நான்கைந்து வாசல்கள் இயல்பாகவே திறந்து கிடக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் பெயரைக் காதால் கேட்டுத்தான் தட்டுகிறார். எனவே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பிராண்டை அறியாத பத்துப் பேருக்குப் போன் செய்து, பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் வரும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகளை டாட் காமிலும் டாட் நெட்டிலும் எடுத்து, எல்லாவற்றையும் உங்கள் முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதோடு நீங்கள் விற்கும் நாட்டின் முகவரி ஒன்று. மொத்தம் ஐந்தாறு பெயர்கள். அதற்கு மேல் வாங்குவது புதுப்பிப்புச் சுமைதான் என்று நினைக்கிறேன்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வைக்கலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே பின்னொட்டாக இருக்கின்றன. நம் பெயரை நம் எழுத்தில் முகவரிப் பட்டையில் பார்ப்பது எனக்கு இன்னும் நெஞ்சு நிறைக்கிறது. அந்த முகவரியில் ழகரத்துக்குக் குழப்பமே இல்லை. ஆனால் தமிழ் முகவரியில் இயங்கும் மெயிலைப் பல சேவைகளும் படிவங்களும் இன்னும் சரியாக ஏற்பதில்லை. கணினி உள்ளுக்குள் அதை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கையாள்கிறது. சில இடங்களில் அந்த விசித்திரக் கோவையே வாடிக்கையாளர் கண்ணில் பட்டு, போலியோ என்று அவர் மிரளலாம். அதனால் முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடும் வாசலாக அதை வாங்கி வையுங்கள். பையில் தைக்கும் சீட்டில் அச்சடியுங்கள். மெயிலுக்கு டாட் நெட்டே இருக்கட்டும்.

மெயில் என்றதும் ஒன்று. உங்கள் பெயரில் வேறொருவர் மெயில் அனுப்ப முடியாதபடி எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அமைப்புகளை, டொமைனின் தொழில்நுட்ப விவரங்கள் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகளில் எழுத வேண்டும். தம்பியிடம் சொன்னால் செய்துவிடுவார். திருப்பிவிட மட்டும் வாங்கிய முகவரிகளுக்கும், ‘இதிலிருந்து மெயில் போகாது’ என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிராண்டு. இங்கே உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, முதல் முறை கிடைக்காத வாய்ப்பு. பெயரை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்லாதீர்கள். குழந்தைப் பை என்ற பொருளையே பெயராக வைக்கும் ஆசை வரும், தேடலில் மேலே வருமே என்று. அப்படிப்பட்ட பெயருக்கு டிரேட்மார்க் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் காப்பது கடினம். புக்கிங் டாட் காம் தன் பெயருக்கு டிரேட்மார்க் பெற அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020-ல் ஜெயித்தார்கள். நம்மால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பொருளோடு நேரடித் தொடர்பில்லாத, காதில் ஒருமுறை விழுந்தாலே எழுதிவிடக்கூடிய சொல்லைத் தேடுங்கள். ழ, ள, ற வராத சொல்லாக இருந்தால் ஆங்கில எழுத்தில் தொல்லை குறைவு. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. சிறு கோடும் எண்ணும் வேண்டாம். உங்களைப் போலி செய்தவர் அந்தச் சிறு கோட்டைத்தான் பிடித்துக்கொண்டார்.

பெயர்ப் பட்டியல் மூன்று நான்கு ஆனதும், முதலில் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடுங்கள், அடுத்து டொமைன் தேடுங்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கே டொமைனையும் சமூக ஊடகப் பெயர்களையும் எடுத்துவிட்டு, அந்த வாரமே டிரேட்மார்க் விண்ணப்பம். லோகோ, துணி, விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு.

பின்னொட்டாக அழகான ஒரு வெளிநாட்டு நாட்டுக் குறியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த நாட்டின் சட்டத்துக்கு உங்கள் பெயரும் கட்டுப்பட்டுவிடும். 2010-ல் லிபியாவின் டாட் எல்ஒய்யில் இருந்த ஒரு சுருக்கு முகவரிச் சேவையை அந்நாட்டுப் பதிவகம் எடுத்துக்கொண்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும், அங்கே இருந்தவர்கள் பலர் 2021-ல் டாட் இயூ வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் பின்னொட்டுகள் அறவே வேண்டாம்.

கடைசியாக, அந்தத் தம்பிக்கு இன்று மாலையே எழுதுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று அவர் மனம் நோகாதபடி எழுதுவது முக்கியம். என்ன எழுதுவது என்று தயங்கினால் இப்படி எழுதலாம்: “தம்பி, டிரேட்மார்க் விண்ணப்பம் போடப் போகிறோம். டொமைன் எங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று ஆலோசகர் சொல்கிறார். அதே ரெஜிஸ்ட்ராரில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன், அந்த மெயில் ஐடியைக் கீழே தருகிறேன். இந்த வாரத்துக்குள் அதற்கு மாற்றித் தர முடியுமா? இத்தனை வருடம் நீங்கள் பார்த்துக்கொண்டதற்கு நாங்கள் இருவரும் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். தளத்தின் வேலைகளை இனியும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.” ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், ஆறு வருடம் நீங்கள் பணம் அனுப்பிய ரசீதுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.